ஜக்கையனும் ஒன்பதாவது ஆளும்

போடி பஜாரில் என்னுடையது கண்ணாடி, பிரேம் கடை. யார் படம் கொண்டுவந்தாலும் அளவு எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்.

"ஆள் இருக்காங்களா?"

சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். ஒருமுறை கேட்காமல் விட்டு, ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவரின் அறுபதாம் கல்யாணப் படத்துக்கு மாலைக் கொக்கியும் சிவப்பு பல்பும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனுஷன் கடைக்கே வந்து என் சட்டையைப் பிடித்தார். அதிலிருந்து கேட்காமல் ஆணி அடிப்பதில்லை. ஆள் இல்லை என்றால் இரண்டு கொக்கி, மேலே ஒரு குட்டி பல்பு, கண்ணாடியில் சந்தனம், குங்குமம். முதல் பொட்டை நானே வைத்துத்தான் கொடுப்பேன். வீட்டுக்காரர்களை வைக்கச் சொன்னால் கை நடுங்கி, பொட்டு நெற்றியை விட்டு மூக்குக்கு வந்துவிடும்.

2012 ஆடி மாதம் ஒரு மத்தியானம் ஜக்கையன் கடைக்கு வந்தான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். என்னைவிடப் பத்து வயது இளையவன். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனால் நான் கொடுக்கும் கண்ணாடியை அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் உடையாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே டிரைவர் அவன்தான், அந்தப் பழக்கம். அவன் மகன் ஈஸ்வரைக் காணவில்லை என்பது அதற்குள் ஊருக்கே தெரியும்.

பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து என் மேசைமேல் வைத்தான். ஒன்று, கேரளா போலீஸ் கொடுத்த தாள். தண்ணீரில் கிடைத்த ஒரு பிணத்தின் முகம், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கறுப்பு வெள்ளையில்.

"இந்தப் பையன யாராச்சும் தேடிக்கிட்டு உங்க கடைக்கு வந்தாங்களாண்ணே? யாரு பெத்த பிள்ளையோ, பாவம். ஆளு தெரியாமக் கெடக்கான்."

ஒரு நொடி பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தேன். சோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். "யாரும் வரலப்பா," என்றேன்.

இன்னொன்று ஒரு குழுப் படம். பத்துப் பையன்களும் ஒரு பி.டி. வாத்தியாரும். பையன்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்க, கடைசிப் பையன் மட்டும் பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி திரும்பியிருந்தான். பாதி முகம்தான் தெரிந்தது.

"இவன்தான் ஈஸ்வர். இவன மட்டும் தனியாப் பெருசாக்கி ஒரு பிரேம் போட்டுக் குடுங்கண்ணே. தேடிப் போற எடத்துல காட்டணும்."

பழக்க தோஷம். என் வாய் கேட்டுவிட்டது.

"ஆள் இருக்காங்களா?"

ஜக்கையன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"இருக்கான்ணே," என்றான். இரண்டு படங்களையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஈஸ்வருக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ராம்பிரசாத் என்ற பி.டி. வாத்தியார் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். போடிக்காரனுக்குக் கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும். இது என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை. உலக்கை மாதிரி உருண்டையாக ஒரு மட்டை, ஒற்றைக் கைக்குத் தோலில் ஒரு உறை, அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓட்டம். ஈஸ்வர் அதில் படுகெட்டி. மாவட்டத்துக்கு ஆடி, மாநிலப் போட்டிக்குத் திருச்சி வரைக்கும் போய்வந்தான். கல்லூரி முதல் வருஷ லீவில் சென்னையில் ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜக்கையன் விடவில்லை.

"உலக்கையத் தூக்கிட்டுத் திரிஞ்சாச் சோறு வந்துருமா? லீவுக்குத் தோட்டத்துச் சோலிக்குப் போ."

பையன் மூன்று நாள் அப்பனோடு பேசவில்லை. நாலாம் நாள் தோட்டத்துக்குப் போனான். ஆனிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரக் கிளம்பியவன் வந்து சேரவில்லை. வழியில் ஓர் ஓடை. மழைக்குத் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாள் மட்டும் ஓடையோரத்து முள்ளில் மாட்டியிருந்தது. ஓடை கொண்டுபோய்விட்டது என்றார்கள் எல்லோரும். ஜக்கையன் ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோவத்துல பஸ்சு ஏறிட்டான். எங்கயோ வெளையாடிக்கிட்டு இருக்கான். ரோசம் தீந்ததும் வருவான்."

பதினோரு நாள் கழித்து, வெகுதூரம் கீழே ஓர் அணையோரத்தில் ஒரு பிணம் ஒதுங்கியிருப்பதாகப் போலீசிலிருந்து போன் வந்தது. ஜக்கையனும் அவன் மச்சினனும் போனார்கள். உடம்பில் துணி இல்லை. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்வருக்கு மூன்று வயதில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அந்த மச்சினன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி காதின் அடிச் சோணையில் சந்தனத்தால் புள்ளி வைத்துத்தான் குத்தினார். பிள்ளைகள் கேலி பண்ணியதால் ஆறாம் வகுப்பிலேயே பையன் கடுக்கனைக் கழற்றிவிட்டான். பிணவறையில் கிடந்த உடம்பின் சோணை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. துளை இல்லை.

"இது எம்மகன் இல்ல," என்றான் ஜக்கையன். "சாமி முன்னாடி வச்சுக் குத்துன காது. அது எப்பிடித் தூந்துபோகும்?"

மச்சினனும் ஆமோதித்தான். போலீசார் எழுதிக்கொண்டார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் வேறு யாராவது தேடுகிறார்களா என்று விசாரியுங்கள் என்று அந்தத் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். இவனும் விசாரித்தான். குரங்கணி ஜீப் நிறுத்தம், போடி பஸ் நிலையம், ராசிங்காபுரம் டீக்கடை என்று இரண்டு மாதம், தன் பிள்ளையைத் தேடுவதற்கு நடுவில், ஊர் பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பனையும் தேடினான். அவன் பெண்டாட்டி மருதாயி, "எங்கிட்டக் காட்டுங்க, நானும் ஒருக்காப் பாத்துக்கிறேன்," என்று கேட்டிருக்கிறாள். "பொம்பள பாக்குற படமா இது?" என்று தகரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். யாரும் கேட்டு வராததால் அந்த உடம்பை அங்கேயே பொது இடுகாட்டில் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவன் என் கடை ஏறவில்லை. 2017இல் ஒருநாள் வந்தான், கையில் துணியில் சுற்றிய ஓர் அட்டையோடு. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்புப் படம். பின்னால் யூக்கலிப்டஸ் மரங்கள். முன்னால் ஒன்பது வெள்ளைக்காரர்கள், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, குல்லாய். ஒருத்தர் கையில் உலக்கை. ஒருத்தர் மடியில் கோழிக்கூடு மாதிரி ஒரு முகமூடி. பின்பக்கம் பென்சிலில் 1911 என்று போட்டு எட்டுப் பெயர்கள். ஒன்பதாவது இடத்தில் ஒரு கேள்விக்குறி.

"கோடைக்கானலுக்கு லோடு ஏத்திப் போனேன். பழைய சாமான் கடையில கெடந்துச்சுண்ணே. அமெரிக்காப் பாதிரிமாரு அந்தக் காலத்துலயே இங்கன வந்து பேஸ்பால் ஆடிருக்காக."

"ஒனக்கு எதுக்குய்யா இந்தக் கருமம்?"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். டச் போன் வாங்கியதிலிருந்து அவன் செய்த சோலி, பேஸ்பால் படங்களைப் பார்ப்பது. எங்கே எந்த அணி படம் எடுத்துப் போட்டாலும் ஒவ்வொரு முகமாகப் பெரிசாக்கி ஈஸ்வரைத் தேடியிருக்கிறான். டெல்லி, பஞ்சாப், இலங்கை என்று ஓர் ஊர் பாக்கியில்லை. அப்படித் தேடும்போது நடுநடுவே நூறு வருஷத்துப் பழைய படங்களும் வந்து விழுந்திருக்கின்றன.

"புதுப் படம்னா ஒவ்வொரு மூஞ்சியவும் தேடணும்ணே. தேடித் தேடி நெஞ்சு வலிக்குது. பழைய படத்துல அவன் இருக்கமாட்டான்னு தெரியும். நிம்மதியாப் பாக்கலாம்."

நான் அளவு எடுத்தேன்.

அங்கே ஆரம்பித்ததுதான். போனில் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்தான். உலகம் பூராவும் பழைய பேஸ்பால் படம் சேர்க்கிறவர்கள். அமெரிக்காவில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரூத் என்ற அம்மாள் இவனுக்குப் பழக்கமானாள். இவன் தமிழில் பேசினால் போன் இங்கிலீஷாக்கும், அவள் இங்கிலீஷைத் தமிழாக்கும். அந்தத் தமிழை இவன் படித்துக் காட்டினால் எனக்குச் சிரிப்பு தாங்காது. "அன்புள்ள ஜக்கையன், உங்கள் வௌவால் நன்றாக உள்ளது" என்று மட்டையைப் பற்றி எழுதியிருப்பாள். இவன் எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காயாகப் பொறுக்கி ஏலக்காய்ப் பொட்டலம் அனுப்புவான். அவளும் மற்றவர்களும் தங்களிடம் இரண்டு பிரதி இருக்கும் படங்களில் ஒன்றை இவனுக்கு அனுப்புவார்கள். பார்சலை அவன் முகர்ந்து பார்த்துத்தான் பிரிப்பான். எது அசல் படம், எது பிறகு அச்சடித்தது, படத்து ஓரத்தில் வெள்ளிப் பளபளப்பு பூத்திருந்தால் என்ன அர்த்தம், தபால் அட்டைப் படத்துக்கு ஸ்டாம்ப் கட்டத்தை வைத்து எப்படி வருஷம் சொல்வது என்று எட்டாம் வகுப்பு படித்தவன் என்னிடம் வகுப்பு எடுப்பான். ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு படம் சேர்த்தான். நல்லதாக இருபத்து மூன்றுக்கு நான் பிரேம் போட்டேன். ஜீப் ஓட்டுகிறவன் வீட்டுச் சுவர் பூராவும் வெள்ளைக்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஈஸ்வர் படம் மட்டும் சுவருக்கு வரவில்லை. அது பிளாஸ்டிக் கவரில் ஜீப்பின் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மருதாயி வீட்டைக் கழுவிவிட்டு, சாமி படங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அந்த ஒன்பது வெள்ளைக்காரர்களுக்கும் கண்ணாடிமேல் வரிசையாகச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாள். நான் இன்னொரு பிரேம் கொடுக்கப் போயிருந்தேன். ஜக்கையன் குதி குதியென்று குதித்தான்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவுக நமக்கு ஒட்டா, ஒறவா?"

"செத்தவுகதான?" என்றாள் மருதாயி. "எம்பிள்ளைக்கும் வைக்கக்கூடாதுங்கிறீக. இந்தச் சந்தனத்த வேற எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்க?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கண்ணே," என்றாள். நான் கையிலிருந்த பிரேமின் சுற்றுத்தாளைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு முதல் நாளிலேயே தெரியும், பையன் ஓடையோடு போய்விட்டான் என்று. ஆனால் புருஷன் வாயால் வராமல் அவள் அழக்கூட முடியாது. ஜக்கையன் துண்டை நனைத்து ஒவ்வொரு நெற்றியாகத் துடைத்தான்.

அவனுக்கு அந்த ஒன்பதாவது ஆள் மேல் ஒரு பித்து. "பேரு எழுதாத படத்த அனாதைன்னுதான்ணே சொல்வாக அந்த நாட்டுல. எட்டுப் பேருக்குப் பேரு இருக்கு, இவரு மட்டும் அனாதையா உக்காந்திருக்காரு பாருங்க." ரூத்தம்மாள் ஆள் கண்டுபிடிக்கிற வழி ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தாள். முகத்தை நம்பக்கூடாதாம். மீசை வரும், போகும். சதை போடும், வற்றும். காது மட்டும் சாகும்வரை மாறாது. சோணையைக்கூட நம்பவேண்டாம், அது தொங்கும், வீங்கும், துளை இருந்தால் அடைத்துக்கொள்ளும். மேல்காதின் உள்மடிப்பைப் பார்க்க வேண்டும். வயலுக்கு வயல் வரப்பு மாறுகிற மாதிரி ஆளுக்கு ஆள் அது வேறு.

முகம் கண்ணை ஏமாற்றாமல் இருக்கக் கறுப்புச் சார்ட் அட்டையில் காது அளவுக்கு மட்டும் ஜன்னல் வெட்டிக்கொண்டான். இரண்டு படத்தின்மேல் இரண்டு அட்டையை வைத்து என் மேசையில் போட்டு, "ஒரே ஆளா, வேற ஆளாண்ணே?" என்பான். ஒரே கண்ணை நம்பாதே, இன்னொருவரிடம் காட்டு என்பது ரூத்தம்மாளின் சட்டம். அந்த இன்னொருவர் நான். கண்ணாடி வெட்டுகிற சோலியை விட்டுவிட்டு பூதக்கண்ணாடியில் வெள்ளைக்காரன் காது பார்த்தே எனக்கு ஆறு வருஷம் போனது. "வேற ஆளு," என்று நான் சொல்லாத வாரம் இல்லை.

2023 புரட்டாசியில் ஒரு நாள் ரூத்தம்மாள் அனுப்பிய ஒரு கல்லூரி அணியின் படத்தில் ஒரு காது ஒன்பதாவது ஆளின் காதோடு சேர்ந்தது. நானே சொன்னேன், ஒரே ஆள் என்று. அந்தப் படத்தில் பெயர் இருந்தது. குழுவில் ஆளாளுக்கு இவனைப் பாராட்டி எழுதினார்கள். ஜக்கையன் அல்வா வாங்கிவந்து பஜார் பூராவும் கொடுத்தான்.

"நூத்திப் பன்னெண்டு வருசம்ணே! நூத்திப் பன்னெண்டு வருசமா அனாதையாக் கெடந்த மனுசனுக்கு இன்னைக்குத்தான் பேரு கெடச்சிருக்கு."

பதினோரு வருஷத்தில் அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பென்சிலைக் கூராகச் சீவி, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைக் குழந்தை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினான். அன்றைக்கே அவனைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பி, இனி படமும் வேண்டாம் காதும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? நானும் அல்வா தின்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் கடை திறக்கும்போதே ஜக்கையன் வந்து நின்றான். ஜீப் எடுக்கவில்லை. சவரம் பண்ணவில்லை. மேசைமேல் இரண்டு கறுப்பு அட்டைகளை வைத்தான்.

"பாருங்கண்ணே."

"ஒன்பது பேருக்கும்தான் பேரு வச்சாச்சே. இன்னும் யாருய்யா மிச்சம்?"

"பாருங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். இந்தத் தடவை அசல் படம் இல்லை, இரண்டும் தாளில் எடுத்த பிரதி. அதைச் சொல்லி அவனைக் கிண்டல் பண்ணக்கூடச் செய்தேன். இடதுபக்கக் காது மெலிவு. வலதுபக்கக் காது கொஞ்சம் உப்பல், சோணை மழுங்கியிருந்தது. மேல்காதின் உள்மடிப்பைப் பார்த்தேன். எல்லோருக்கும் அது மேலே போய் இரண்டாகப் பிரியும். இங்கே மூன்றாகப் பிரிந்திருந்தது. பக்கத்துக் காதிலும் மூன்று. அதே சாய்வு, அதே இடம்.

"ஒரே ஆளுதான்யா," என்றேன். "இதுல என்ன சந்தேகம்? கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம். இந்த மூணாவது வரப்பு லட்சத்துல ஒருத்தனுக்குத்தான் இருக்கும்."

ஜக்கையன் இடதுபக்க அட்டையை எடுத்தான். பக்கத்துப் பையனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான் ஈஸ்வர். வலதுபக்க அட்டையை எடுத்தான். போலீஸ் கொடுத்த தாள்.

பிறகு தலையைத் திருப்பித் தன் காதை எனக்குக் காட்டினான். மூன்று வரப்பு. இருபது வருஷமாகப் பழகுகிறேன், அந்தக் காதை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு படமும் இதே மேசையில், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. நான்தான் கவிழ்த்துவைத்தேன்.

எல்லாப் படத்துக்கும் பின்னால் பெயர் எழுதிவிடலாம் என்று முந்தின நாள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்திருக்கிறான். அடியில் அந்தத் தாள் கிடைத்திருக்கிறது. ஒன்பதாவது ஆளுக்கே பேர் கண்டுபிடித்தாயிற்று, இந்தப் பிள்ளைக்கும் கண்டுபிடித்துவிட மாட்டோமா, எந்தத் தாய் எங்கே காத்துக்கிடக்கிறாளோ என்று எடுத்துப் பார்த்திருக்கிறான். பார்த்த காது எங்கேயோ பார்த்த காதாக இருந்திருக்கிறது.

"சோணையப் பாத்தேன்ணே," என்றான். "துளையத் தேடுனேனே ஒழிய, காதப் பாக்கல. இது எம்பிள்ள இல்லன்னு எவ்வளவு சத்தமாச் சொன்னேன் தெரியுமா? அவன் அங்கன கெடக்கான், நான் அவன் தலமாட்டுல நின்னுக்கிட்டு இவன் யாரோன்னு சொல்றேன். மச்சினன் கையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்ணே, எம்மகன் பொழச்சுக்கிட்டான்னு."

தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடித் துண்டு கிடக்கும், குத்திவிடும் என்று சொல்ல நினைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்கு வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினேன்.

அந்தத் தாளைத் திருப்பி, பென்சிலை வாங்கி, பின்பக்கம் எழுதினான். ஈஸ்வர், தகப்பன் பெயர் ஜக்கையன், தாய் பெயர் மருதாயி. எழுத்து கோணல்மாணலாகப் போனது.

மருதாயியிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை, சாயங்காலம் என்னைக் கூட்டிப்போனான். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடிந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அவள் தாளைக் கையை நீட்டி வாங்கினாள். பூதக்கண்ணாடி எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டுப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கே எங்கிட்டக் காட்டியிருந்தா," என்றாள், "எம்பிள்ள அனாதையாப் போயிருக்கமாட்டானே. பால் குடிக்கையில தடவிவிட்ட காது. எனக்குத் தெரியாதா?"

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. ஜக்கையன் சுவரைப் பார்த்து நின்றான். சுவரில் வெள்ளைக்காரர்கள் பெயரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று பேரும் கேரளாவில் அந்தப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். நல்ல மனுஷர்கள், பழைய ஃபைல் கட்டைத் தேடி எடுத்தார்கள். அந்த உடம்பிலிருந்து எடுத்த ஒரு பல் பத்திரமாக இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து டி.என்.ஏ. சோதனை முடிவு வந்தது. காது சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. பொது இடுகாட்டில் இடத்தைக் காட்டினார்கள். புல் மண்டிய ஒரு மேடு, எண் எழுதிய கல். மருதாயி அந்த மேட்டின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். மழை தூறியது. பதினோரு வருஷத்து அழுகையையும் அவள் அன்றைக்கு அழுதாள், நாங்கள் தடுக்கவில்லை.

கருமாதி முடிந்து பத்து நாளில் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். ஜீப்பிலிருந்த படத்தை ஜக்கையன் கவரிலிருந்து உருவி மேசைமேல் வைத்தான்.

"இவன மட்டும் தனியாப் பெருசாக்கிக் குடுங்கண்ணே."

நான் அளவுகோலை எடுத்தேன். இஞ்சைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"கேளுங்கண்ணே," என்றான்.

"எதுக்குய்யா?"

"எல்லார்ட்டயும் கேப்பீகள்ல. எங்கிட்டயும் கேளுங்க. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

கேட்காமல் விட்டால் அவனை அனுப்பமுடியாது என்று தெரிந்தது. கேட்டேன்.

"ஆள் இருக்காங்களா?"

"இல்லண்ணே," என்றான் ஜக்கையன்.

நாலு நாளில் பிரேம் தயாரானது. இரண்டு கொக்கி, மேலே பல்பு. அவர்கள் வாங்க வந்தபோது சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு விரலைக் கண்ணாடியருகே கொண்டுபோனேன். ஆயிரம் படத்துக்கு வைத்த கை. நிற்கவில்லை, நடுங்கியது. பக்கவாட்டில் திரும்பியிருக்கும் பிள்ளைக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்றும் பிடிபடவில்லை.

"இங்க கொண்டாங்கண்ணே," என்று மருதாயி கிண்ணத்தை வாங்கினாள்.

தெரிந்த அந்தப் பாதி நெற்றியில் சந்தனம் வைத்தாள், அதன்மேல் குங்குமம் வைத்தாள். பிறகு விரல் நுனியில் இன்னும் ஒரு துளி சந்தனம் எடுத்து, காது குத்துகிற அன்றைக்கு ஆசாரி வைத்த இடத்திலேயே, சோணையில் ஒரு புள்ளி வைத்தாள்.